ஓலையோடு வந்த பையனும் ஓடக்காரப் பெண்ணும்

எங்கள் பாடசாலையின் புத்தக அலுமாரியில் எல்லாவற்றுக்கும் முந்தி முதுகு கழன்று போனது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் இரண்டாம் பாகம். முதலாம் பாகத்தின் அட்டை இன்னும் நேராக நிற்கிறது. ஐந்தாம் பாகத்தில் புதுப் புத்தக வாசம்கூட முழுதாகப் போகவில்லை. இரண்டாம் பாகம் மட்டும் நூல் பிரிந்து, ஓரங்கள் சுருண்டு, ரப்பர் பட்டி போட்டுத்தான் அடுக்கிலே நிற்கிறது. விசாரித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதாம். அக்காமார் தங்கச்சிமாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: “மொத பொஸ்தகத்துல பேரு நெறைய வரும், கொழப்பும். ரெண்டுலேர்ந்து ஆரம்பி. அதுலதான் கடலு வருது, பூங்குழலி படகு ஓட்டுறா, நம்ம நாடும் வருது.”

கல்கியின் பரம ரசிகர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வந்தியத்தேவனைத் தாண்டிப் போய் யாராவது கதையைத் தொடங்குவார்களா? எங்கள் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். பிறகு ஆவல் தாங்காமல் முதலாம் பாகத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

நான் இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், தரம் 9 முதல் 11 வரை. இந்த வயதுக்காரர்கள் சரித்திரக் காதல் நாவல்களில் ஏன் இப்படி விழுகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. 2022இலும் 2023இலும் படம் வந்ததால்தான் என்பார் ஒருவர். வறுமையிலிருந்து தப்பிக்க மாளிகைக் கனவு என்பார் இன்னொருவர். பழம்பெருமைப் பைத்தியம் என்று மூன்றாமவர் சாயத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். படத்தால் புதிதாக வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படம் வருவதற்குப் பல வருடம் முந்தியே இந்த அலுமாரிக்கு முன்னால் வரிசை இருந்தது. மாளிகை, பெருமை என்பதெல்லாம் பெரியவர்கள் கண்டுபிடித்த காரணம். பிள்ளைகள் மாளிகை வர்ணனை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. சரித்திரம் என்ற பெயர் ஓர் அனுமதிச் சீட்டு.

எண்பதுகளின் கடைசியில் எனக்குப் பதினான்கு வயது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பொம்பளைப் பிள்ளை கையில் மாத நாவல் இருந்தால் அது அடுப்புக்குப் போகும். குடும்ப நாவல் என்று அட்டையில் போட்டிருந்தாலும் சரி, உள்ளே காதல் இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்துகொள்வார்கள். ஆனால் மாமா வீட்டிலிருந்து வந்த அந்தத் தடித்த பைண்டு புத்தகத்துக்கு மட்டும் தடை இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்தது அது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தைக் கண்டவர்கள் ஆதலால், இப்படிப்பட்ட கட்டுகளைச் சாமி படத்துக்குப் பக்கத்திலே வைத்துக் காப்பாற்றினார்கள். குப்பி லாம்பு வெளிச்சத்தில் இஸ்தோப்பில் (முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து நான் அதைப் படிக்கும்போது, பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டும் கூட்டம்) முடிந்து வந்து நின்று கதைக்கும் ஆட்களிடம் அப்பா பெருமையாகச் சொல்வார்: “புள்ள சரித்திரம் படிக்குது.”

புள்ள படித்தது சரித்திரம்தான். குடந்தை சோதிடர் வீட்டில் குந்தவையை முதன்முதலாகப் பார்த்ததும் வந்தியத்தேவனுக்கு ஏன் வாய் குழறுகிறது என்பதைப் படித்தேன். அரிசிலாற்றங்கரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அரசியல் பேசுவதாக இருவருமே ஏன் நடிக்கிறார்கள் என்பதைப் படித்தேன். அப்பா ஒருநாளும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஓலை, முத்திரை மோதிரம், பாதாள வழி, சம்புவரையர் மாளிகைச் சதி என்று கண்ணில் பட்டிருக்குமே தவிர வேறெதுவும் பட்டிருக்காது. சரித்திரம் அவ்வளவு நல்ல போர்வை.

இன்றைக்குப் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் கல்கியின் நாவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1999இல் தமிழ்நாடு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியதால் மலிவுப் பதிப்புகளும் ஏராளம். ஆகவே மறைத்துப் படிக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது என்றுதான் நினைப்போம். அந்தப் போனில் எல்லாம் இருக்கிறது, காதல் படம், காதல் பாட்டு, அதற்கு மேலும். இருந்தும் காதலைப் பற்றி வாய் திறந்து பேச இடம் இல்லை. தரம் 10 பிள்ளை வகுப்பில் எழுந்து “எனக்கு ஒருத்தன பிடிக்கும், ஆனா அவன் வேற சாதி” என்று சொல்ல முடியாது. “பூங்குழலிய இளவரசர் ஏன் கட்டிக்கல, படகுக்காரி என்றதாலயா டீச்சர்?” என்று கேட்க முடியும். கேட்கிறார்கள். கேட்டதும் வகுப்பு முழுக்க அமைதியாகிவிடும். எல்லாருக்கும் தெரியும், அது பூங்குழலியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று. நானும் பூங்குழலியைப் பற்றியே பதில் சொல்வேன். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

லயத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே தண்ணீர்ப் பீலி. இந்த வீட்டில் மெதுவாகச் சொன்னது அந்த வீட்டில் சத்தமாகக் கேட்கும். அங்கே வளரும் பிள்ளைக்குத் தன் மனதை ஆயிரம் வருடம் தள்ளி ஒரு தூரத்திலே வைத்துப் பார்ப்பது எவ்வளவு வசதி!

இது புத்தகம் வந்த பிறகு வந்த ருசியும் அல்ல. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கம்பம் ஊன்றி, தப்பு முழங்கி, இரவு இரவாக நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம். தேவர்களிடமிருந்து தூதன் ஓலை கொண்டு வருவான், சிவனின் தவத்தைக் கலைக்க வரச்சொல்லி. போகாதே என்று ரதி மன்றாடுவாள். மன்மதன் போவான், எரிந்துபோவான். அந்த விடிகாலையில் ரதி அழும்போது கம்பளிக்குள் முடங்கிக் கிடந்த கிழவிகளும் அழுவார்கள். கொழுந்து மலையில் பன்னிரண்டு மணி வெயிலில் நின்றாலும் கண்ணில் தண்ணீர் வராத பெண்கள் அவர்கள். காதலும் கடமையும் மோதும் கதை, ஓலையோடு வரும் தூதன், பிரிவு: சரித்திர நாவலின் எலும்புக்கூடு முழுவதும் அங்கேயே இருக்கிறது. பொன்னர் சங்கர் கூத்தும் அப்படித்தான், அதில் வீரமும் தங்கையின் கண்ணீரும் அதிகம்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது சின்னதில்லை. கூத்தில் ரதியாக நிற்பவர் ஓர் ஆண். ரதியின் துக்கத்தை ஆண்தான் பாடினார், ஆண்தான் ஆடினார், பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நாவல் கைக்கு வந்தபோது முதன்முறையாக ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை யாருடைய வேஷத்தின் வழியாகவும் இல்லாமல், தானே ரதியாகவும் தானே குந்தவையாகவும் உள்ளுக்குள் நடித்துப் பார்த்தாள்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பெண் யார் தெரியுமா? வானதி இல்லை. அடிக்கடி மயங்கி விழுகிறாள் என்று வானதிமேல் எரிச்சல் (எனக்கும்தான்). குந்தவைமேல் மரியாதை, அக்காவைப் போல. பிரியம் எல்லாம் பூங்குழலிக்கும் நந்தினிக்கும்.

பூங்குழலியைப் பிடிப்பதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம். கோடிக்கரையில் இருட்டில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஈழத்துக்கு வலிக்கிறாள். யாரும் அவளை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்வதில்லை. பெரிய மனுஷியானதும் கடைக்குக்கூடத் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் பிள்ளைக்கு, அந்தத் துடுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அவளுடைய காதல் நிறைவேறாதது இரண்டாம் பட்சம். எங்கள் பிள்ளைகள் பலர் அவள் கடைசியில் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொண்டு அரசியாவதை ஏற்பதே இல்லை. “அவ கடல்லயே இருந்திருக்கணும் டீச்சர்” என்பார்கள்.

நந்தினியின் விஷயம் எனக்கு ஆச்சரியம். அவள் வில்லி. பழிவாங்க வந்தவள். கிழவரை மணந்துகொண்டு அரண்மனைக்குள் நுழைந்தவள். பிள்ளைகள் அவளை வெறுக்க வேண்டும் என்றுதான் கதை இழுக்கிறது, ஆனால் அவர்கள் இழுபடுவதில்லை. தன்னைக் கீழே தள்ளிய குடும்பத்தை அவள் மறக்கவில்லை என்பது அவர்களுக்குப் பிடிக்கிறது. நல்ல பிள்ளை கோபப்படக் கூடாது என்று வீட்டிலும் பாடசாலையிலும் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், அத்தியாயம் அத்தியாயமாகக் கோபத்தை வளர்க்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். ஒருத்தி கட்டுரையில் நந்தினியை ஆதரித்து எழுதியிருந்ததைப் படித்தபோது, இந்தப் பிள்ளை யார்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று நான் யோசித்தேன். கேட்கவில்லை. முழுப் புள்ளி போட்டேன்.

பையன்கள் படிப்பது வேறு மாதிரி. வந்தியத்தேவனிடம் அவர்களைக் கவர்வது வாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவன் பார்க்கும் வேலை. வாணர் குலம் நொடித்துப் போய்விட்டது. அவனுக்கு ஊர் இல்லை, சொத்து இல்லை, கையில் ஒரு ஓலை, நிறைய வாய். அதை வைத்துக்கொண்டு அவன் தெரியாத இடங்களில் எல்லாம் நுழைந்து வருகிறான். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகக் காத்திருக்கும் பையனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் கதாநாயகன் என்பதும் ஒரு சௌகரியம்.

சாண்டில்யனைப் பற்றி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ‘கடல் புறா’வையும் ‘யவன ராணி’யையும் நானும் ஒரு காலத்தில் மூச்சுவிடாமல் படித்தவள்தான். கப்பல் சண்டையை அவர் எழுதினால் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாயகி தோன்றியதும் கதை நின்றுவிடும். தலையிலிருந்து கால்வரை வர்ணனை இறங்கி முடியும்வரை போர்க்களமே காத்திருக்க வேண்டும். கல்கியின் பெண்கள் பார்க்கிறார்கள், சாண்டில்யனின் பெண்கள் பார்க்கப்படுகிறார்கள். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எங்கள் அலுமாரியில் அவருடைய புத்தகங்களைப் பையன்கள் கூட்டமாக எடுப்பார்கள், சில பக்கங்களில் மட்டும் தானாகத் திறக்கும்.

காதல் கதைகளில் இளம் வாசகர்களை இழுப்பது சேர்வதல்ல, தாமதம். தொடர்கதையாகப் பிறந்தவை என்பதால் இந்த நாவல்களுக்குத் தாமதம் இரத்தத்திலேயே ஊறியது. 1950இல் தொடங்கி 1954வரை வாரா வாரம் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. கதை தொடங்கும்போது பதின்மூன்று வயதாயிருந்தவருக்கு முடியும்போது பதினேழு. ஒரு வாசகரின் வளர்பருவம் முழுவதும் ஒரே காதலுக்காகக் காத்திருந்திருக்கிறது! அத்தனைக்குப் பிறகும் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடக்கும் காட்சி நாவலில் இல்லை. கடைசிப் பாகத்தை முடித்துவிட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: “அவுங்க கட்டிக்கிட்டாங்களா இல்லையா?”

கட்டிக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குந்தவையைக் குறிப்பிட்டிருக்கிறது. வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு உறுதியாகச் சொல்வது ஏறக்குறைய அவ்வளவுதான். அவன் குதிரை ஏறியது, பாதாளச் சிறையில் கிடந்தது, இனிக்க இனிக்கப் பேசியது எல்லாம் ஒரு கல்லில் கிடந்த ஒரு உறவுமுறையிலிருந்து எழுதப்பட்டவை. இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு. கதை பொய் என்ற ஏமாற்றம் சிலருக்கு. சிலர் கண்ணில் வேறு ஏதோ ஓடும்: ஒரு வரி இருந்தால் போதுமா?

இந்த வகை எழுத்துக்கு எங்கள் நாட்டிலும் வேர் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிவதில்லை. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலக் கதை, சொக்கநாத நாயக்கருக்கும் மோகனாங்கிக்கும் நடுவில் காதல். ஆக, முதல் அடியே காதலில்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 1885இல், கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். அது எகிப்திய இளைஞன் ஒருவனின் சாகசமும் காதலும். மலைநாட்டுக்காரர் ஒருவர் தன் ஜன்னலுக்கு வெளியே இருந்த கோப்பித் தோட்டங்களை விட்டுவிட்டுக் கெய்ரோவுக்குப் போனது ஏன் என்று நான் யோசிப்பதுண்டு. தூரம் தேவைப்பட்டிருக்கும். அவருக்கும்.

இனிச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு கட்டாய பாடம். அதே பிள்ளை ஒரு பாடவேளையில் அருள்மொழிவர்மன் (பிற்கால இராஜராஜன்) அநுராதபுரத்தில் சிதைந்த விகாரைகளைத் திருத்திக் கட்டச் சொல்வதையும், பிக்குகள் கொடுத்த சிம்மாசனத்தை வேண்டாம் என்பதையும் நாவலில் படிக்கிறது. அடுத்த பாடவேளையில் சோழர் படையெடுப்பால் அநுராதபுரம் தலைநகரம் என்ற நிலையை இழந்ததைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறது. சோழர் படை விகாரைகளையும் தாது கர்ப்பங்களையும் உடைத்துச் சூறையாடியதை, பாளியில் எழுதப்பட்ட பழைய இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறது. ஐந்தாம் மகிந்தன் 1017இல் பிடிபட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தான். நாவலின் இளவரசனைப் போலவே வரலாற்றின் இராஜராஜனும் இருந்தான் என்று நினைத்துக்கொண்டு பொலன்னறுவைக்குச் சுற்றுலா போன பையன் ஒருவன், அங்கே சோழர் கட்டிய சிவன் கோயிலின் முன்னால் நின்று படம் எடுத்தான். பக்கத்தில் நின்ற சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதே கோயில் அதே நாட்களின் வேறொரு நினைவு. இரண்டு கூட்டமும் ஒரே கடையில் ஐஸ்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள், அது வேறு.

கண்டியிலும் இந்தச் சிக்கல்தான். கண்ணுசாமி என்ற பெயரோடு வளர்ந்து 1798இல், பதினெட்டு வயதளவில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடியவன் நாயக்கர் வழிவந்தவன். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கே இறந்தான். கூடப் போனாள் ராணி ரங்கம்மாள். அரசனின் உறவினர் குடியிருந்த மலபார் வீதி இன்றும் கண்டி டவுனுக்குள் இருக்கிறது. பதின்ம வயதில் முடி, மந்திரி சூழ்ச்சி, தோல்வி, கடல் கடந்த சிறை என்று எல்லாம் இருப்பதால், இதை ஒரு சரித்திரக் காதலாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஒருமுறை ஆசையாகச் சொன்னேன். என் நண்பியான சிங்கள ஆசிரியை கேட்டுவிட்டுச் சிரித்தார். “எங்கட பிள்ளைகளுக்கு அந்தக் கதையில வீரன் எஹெலபொலவின்ட சின்ன மகன்” என்றார். எஹெலபொல அரசனோடு பகைத்த மந்திரி; அவருடைய குடும்பத்துக்கு அரசன் கொடுத்த மரண தண்டனைக்குப் பயப்படாமல் அண்ணனை முந்திக்கொண்டு கழுத்தை நீட்டிய சிறுவன் மத்தும பண்டாரவை அவர்கள் சின்ன வகுப்பிலிருந்தே படிக்கிறார்கள். அந்தத் தண்டனையைக் கொடுத்தவனை எப்படிக் காதலனாக எழுதுவது? எழுத முடியும். நன்றாக எழுத வேண்டும், அவ்வளவுதான். கொலை செய்தவனையும் காதலித்தவனையும் ஒரே உடம்பில் வைக்கத் தெரிந்தவர் எழுத வேண்டும்.

போன வருடம் தரம் 10இல் ஒரு பிள்ளை கேட்டாள். கொழுந்தெடுக்கும் அம்மாவின் மகள், கூச்சம் அதிகம், கடைசி வாங்கில் இருப்பவள். “டீச்சர், இந்தக் கதையில நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க?”

நம் முன்னோர் வந்தது திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து. அம்மாயிமார் வாயில் வரும் முசிறியும் துறையூரும் நாவலின் பூமிக்கு ரொம்பத் தூரம் இல்லை. அந்தக் காவிரிக்கரையில் அப்போதும் அவர்கள் இருந்திருப்பார்கள், வயலில். வந்தியத்தேவனின் குதிரை போனபோது ஒதுங்கி நின்றவர்களாக இருந்திருப்பார்கள். இதைச் சொன்னதும் அவள் தலையை ஆட்டினாள், திருப்தியாக இல்லை. எனக்கும் திருப்தியில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் பாகத்தைப் புரட்டியபோதுதான், எத்தனையோ தடவை படித்தும் கவனிக்காத ஒன்று தட்டுப்பட்டது. வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஈழத்தில் காட்டு வழியாக நடக்கிறார்கள். இளவரசரைத் தேடித் தம்புள்ளைக்குப் போகிறார்கள். அநுராதபுரம் வருகிறது. மலேரியாக் காடு, யானை, பாழடைந்த குளங்கள். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தபோது எங்கள் பூட்டன்மார் நடந்த வழியும் அந்தப் பக்கம்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால், தம்புள்ளை தாண்டி, மாத்தளைக்கு. நூறு மைலுக்கு மேல் நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதும், 1869இல் கோப்பியில் நோய் விழுந்ததும் எல்லாரும் பாடப்புத்தகத்தில் படித்தது. அந்த நடை பாடப்புத்தகத்தில் ஒரு வசனத்தோடு முடிந்துவிடும்.

அடுத்த நாள் இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் போட்டு, இரண்டு நிறச் சோக்கால் இரண்டு வழியையும் கீறினேன். கதையின் கோடும் நடையின் கோடும் தம்புள்ளைப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. நான் எதுவும் சொல்லவில்லை. கடைசி வாங்கிலிருந்து அந்தப் பிள்ளை எழுந்து வந்து, கிட்டே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது அவள் எழுதுகிறாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில், வாரத்துக்கு ஒரு அத்தியாயம். வெள்ளிக்கிழமை இடைவேளையில் கூட்டாளிகள் சுற்றி நின்று படிக்கிறார்கள், சரியான இடத்தில் நிறுத்திவிடுகிறாள். கதை கோப்பிக் காலத்தில் நடக்கிறது. ஒரு கங்காணியின் கூட்டத்தில் வரும் பையன், ஒரு பெண். என்னிடம் வந்து கேட்பதெல்லாம் தகவல்கள். தோணிக்கு எவ்வளவு கூலி, வழியில் என்ன சாப்பிட்டார்கள், இரவில் எங்கே படுத்தார்கள், யானைக்கு என்ன செய்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கோப்பிக் காலத்தில் பருவத்துக்குப் பருவம் வந்து போனவர்களில் பெண்கள் மிகக் குறைவு, தேயிலை வந்த பிறகுதான் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள் என்று சொன்னபோது கொஞ்சம் கலங்கிப்போனாள். அவளுடைய கதாநாயகி என்னவாவது?

அடுத்த வெள்ளிக்கிழமை கதாநாயகி தலைமுடியை வெட்டி, வேட்டி கட்டி, அண்ணனின் பேரில் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டாள்.

இது சினிமாவில் வருவது போல இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். “ஆம்பளைங்க ரதி வேஷம் போடலாம்னா, இவ ஆம்பள வேஷம் போட்டா என்ன டீச்சர்?” என்றாள். அந்தக் கூச்சக்காரப் பிள்ளைதான்.

கதை இப்போது தம்புள்ளைக்கு வடக்கே ஒரு குளக்கட்டில் நிற்கிறது. கூட்டத்தில் கொலரா வந்துவிட்டது. இவள் பெண் என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பையனைக் கொன்றுவிடுவாளோ என்று வகுப்பே பயத்தில் இருக்கிறது. சாகக் கூடாது என்று கொப்பியின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பையன்களும் சேர்ந்து. அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த வருடக் கடைசியில் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வேறு. கணக்கு டீச்சர் என்னைக் கண்டாலே முறைக்கிறார்.